பஞ்சவர்ணம் பையில்லாமல் பழவேற்காடு போனது

எங்கள் குவார்ட்டர்ஸில் பஞ்சவர்ணத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. என் கீழ்வீட்டு மனோகரனின் மனைவி. மனோகரனும் நானும் ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஒரே செக்‌ஷன். இந்தப் பஞ்சவர்ணம் கன்னியாகுமரி பார்த்தவள், ராமேஸ்வரம் பார்த்தவள், வேளாங்கண்ணி, மாமல்லபுரம் எல்லாம் பார்த்தவள். ஆனால் ஐம்பது வயது தாண்டியும் கடலில் கால் நனைத்ததில்லை. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். எல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் டூர் செய்த வேலை.

வருஷா வருஷம் பிளாக் முழுக்க வேன் பிடித்துக் கிளம்புவோம். எந்த ஊர் போனாலும் ஒரே வழக்கம்தான். கடலைக் கண்டதும் அத்தனை பேரும் செருப்பை உதறிவிட்டு ஓடுவோம். பைகளோடு ஒரு ஆள் கரையில் உட்கார வேண்டும். முதல் டூர் வேளாங்கண்ணி. பஞ்சவர்ணம் காய்ச்சலில் வேனிலேயே படுத்துவிட்டாள், எங்கள் பிளாக் எழிலரசி உட்கார்ந்தாள்; பக்கத்தில் யாரோ சீரியல் கதை பேச ஆரம்பிக்க, ஒரு ஹேண்ட்பேக் போயே போய்விட்டது. அடுத்த டூரில் பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். எல்லாப் பைகளின் வாரையும் தோள் வரை கைகளில் கோத்துக்கொண்டாள். செருப்புகளை ஜோடி பிரித்து அடுக்கினாள். ஒரு ஊக்குகூடக் காணாமல் போகவில்லை. அன்றோடு அவள் தலையில் எழுதியாகிவிட்டது.

"பஞ்சுதான் கீறாளே, இன்னா கவல?" என்று எல்லோரும் அவள் மடியில் பையைப் போட்டுவிட்டு ஓடினோம். "எனக்கு அலைன்னாவே பயம், நீங்க போங்க" என்று அவளும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். அதையே நாங்கள் சிக்கெனப் பிடித்துக்கொண்டோம்.

இந்த வருஷம் ராமேஸ்வரம் போய் வந்ததும் எழிலரசி வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். மணலில் மலையாகப் பைகள். அதற்குப் பின்னால் பஞ்சவர்ணத்தின் கொண்டை மட்டும் தெரிகிறது. கீழே 'பாதுகாப்புத் துறை' என்று எழுதியிருந்தாள். குவார்ட்டர்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. பஞ்சவர்ணமும் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாள். ஆனால் அன்றைய சாம்பாரில் உப்பே இல்லை என்று மனோகரன் என்னிடம் குறைபட்டுக்கொண்டான். எனக்கு அப்போதே சந்தேகம்.

சனிக்கிழமை காலை நான் அவர்கள் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் கடலுக்குப் போறேன்" என்றாள்.

மனோகரன் போனிலிருந்து நிமிரவில்லை. "எந்த டூரு? யாரும் சொல்லவேயில்ல?"

"டூரு இல்ல. நான் மட்டும். பழவேற்காட்டுக்கு."

"தனியாவா? அப்போ பைய யாரு பாத்துக்குவா?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டான். மனுஷனுக்கு வேறு கேள்வியே தோன்றவில்லை. பேப்பரைச் சுருட்டி அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு.

"பையே எடுத்துகினு போவல" என்றாள் அவள். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொஞ்சம் சில்லறையோடு கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். அவ்வளவுதான் லக்கேஜ்.

"மெரினா பக்கத்துல கீதே? அதுக்கு ஏன் அம்மாந்தூரம்?" என்றான் மனோகரன்.

"மெரினாவுல தெரிஞ்ச மூஞ்சி எதுனா வந்து பைய குடுத்துடும். பழவேற்காட்டுல என்ன எவனுக்குத் தெரியும்? முட்டி வரிக்கும் நனையாம ஊட்டுக்கு வரமாட்டேன். பூபாலண்ணே, நீங்கதான் சாட்சி."

நான் எழுந்து கைதட்டினேன். மனோகரன் என்னை முறைத்தான்.

இனி வருவது அவளே சொன்னது. ஒவ்வொரு பிளாக்காகப் போய் நடித்துக் காட்டிச் சொன்னாள். மசாலா கொஞ்சம் என்னுடையது.

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். அதனால் டவுன் பஸ்ஸிலேயே போவது என்று முடிவு. ஆவடியில் ஏறி செங்குன்றத்தில் இறங்கினாள். செங்குன்றத்தில் ஏறி பொன்னேரியில் இறங்கினாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரம். டூர் வேனில் ஜன்னலோரம் எப்போதும் குழந்தைகளுக்கு. இவளுக்குப் பின் சீட்டும் புளியோதரைத் தூக்கும். இன்று ஒரு பக்கம் வெயில் அடித்தால் எழுந்து மறுபக்க ஜன்னலுக்கு மாறினாள். தலை கலைந்து காக்காய்க் கூடானது. சரி செய்யவே இல்லை.

பொன்னேரியில் பழவேற்காட்டு பஸ் ஏறியதும் கண்டக்டர், "எத்தினி பேரும்மா?" என்று கேட்டார்.

"ஒருத்தி."

"கூட யாரும் வர்ல?"

"யாரும் வர்ல! நான் மட்டுந்தான்!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னாளாம். முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பழவேற்காட்டில் இறங்கினால் எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் அலையே இல்லை. பூந்தமல்லியில் பிறந்தவளாயிற்றே, செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவளை ஏமாற்ற முடியுமா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, இறால் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனாள்.

"இன்னாம்மா, உங்கூரு கடலு தூங்கினுகீது?"

"அது ஏரிம்மா" என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "கடலு பாலத்துக்கு அந்தாண்ட. ஷேர் ஆட்டோ நிக்குது பாரு, ஓடு!"

இவள் ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். முழங்கால் வலிக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவள்.

கடற்கரையில் அதிகம் ஆளில்லை. கவிழ்த்துப்போட்ட படகுகள், காய்கிற வலை, அதற்கப்பால் நிஜமான கடல். எழுந்து, உறுமி, வெள்ளையாக உடைந்து விழுகிற கடல். பஞ்சவர்ணத்துக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே புரியவில்லை. செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம்! இத கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

கல்லூரிப் பெண்கள், ஒரு கும்பல். பதில் வருமுன்பே ஆளுக்கொரு பையை அவள் காலடியில் போட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கிப் பறந்தார்கள். அவள் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இவள் என்ன செய்தாள் தெரியுமா? உட்கார்ந்தாள்! பழக்கதோஷம். வார்களை ஒவ்வொன்றாகத் தோள் வரை கோத்தாள். செருப்புகளை ஜோடி பிரித்து அடுக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். பாதியில்தான் சுரீரென்று உறைத்தது.

"அட எழவே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அந்தப் பெண்களைக் கூப்பிட்டாள். அலைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? போட்டுவிட்டுப் போகலாமென்றால் மனசு வரவில்லை. பை பார்த்துக்கொள்வது அவளுக்கு விளையாட்டல்ல. வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பெண்கள் வெளியே வருவதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் இப்படியே திரும்பினால் இனி ஜென்மத்துக்கும் கடல் கிடையாது என்று தோன்றியது அவளுக்கு.

எழுந்தாள். இரண்டு தோளிலும் பைகள், கழுத்தில் ஒன்று. நேராகக் கடலுக்குள் நடந்தாள்.

முதல் அலை கணுக்காலைத் தொட்டது. இரண்டாவது முட்டியைத் தொட்டது. பஞ்சவர்ணம் "ஐயோ!" என்று ஒரு கூச்சல் போட்டாள். சந்தோஷக் கூச்சல். பைகள் நனையாமல் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அங்கேயே குதித்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, பேக்கு! உள்ள போன் இருக்கு!" என்று அலறிக்கொண்டு அந்தப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"நனையல, பாத்துக்கோங்க! வந்து புடிங்கடி உங்க பைய! நானும் கடலுக்குத்தாண்டி வந்தேன்! இத்தினி வருசம் கரையிலயே குந்திகினு இருந்தேண்டி!"

அந்தப் பெண்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ரேஷ்மா என்றொருத்தி எல்லாப் பைகளையும் வாங்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த போனையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் இங்கே மனோகரன் துவரம்பருப்பு டப்பாவைத் தேடித் தேடிச் சலித்துப்போய் அவளுக்குப் போன் போட்டான். நான் பக்கத்திலேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னதும் நான்தான்.

"ஹலோ, பருப்பு எங்கடி வெச்ச?"

"அங்கிள், ஆன்ட்டி தண்ணியில இருக்காங்க" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "அவங்க செருப்பு, போன் எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்."

மனோகரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். போனில் அலை இரைந்தது. அதற்கும் மேலே யாரோ 'ஹோ'வென்று கத்துவது கேட்டது.

"யாரும்மா அப்டி கத்துறது?"

"ஆன்ட்டிதான்."

மனோகரன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். "அவளுக்கு அலைன்னா பயமாச்சே" என்றான் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினான். "கொஞ்சம் வெளிய வரச் சொல்லும்மா."

"கூப்ட்டுப் பாத்துட்டேன் அங்கிள்" என்றாள் அந்தப் பெண். "வரமாட்டேங்கறாங்க."