வெங்காயம் போடாத ரசம்

எங்கள் அப்பா அடையாறு டெப்போவில் கண்டக்டர். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. வீட்டிலும் அதே சட்டம்தான். காலையில் ஒரு விசிலில் நானும் தம்பியும் எழுந்துவிட வேண்டும், இரண்டாவதாக இரட்டை விசில் கேட்கும்போது பள்ளிக்கூடப் பை முதுகில் இருக்க வேண்டும். கூட்ட நேரத்தில் படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிவிடுகிற மனிதர் அவர். ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஓர் அப்பா இல்லை என்பது என் முடிவு. இன்றும் அதில் மாற்றமில்லை.

அப்பேர்ப்பட்டவர் என் ஜடையிடம் தோற்றுப்போனார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, நர்ஸாக இருந்த அம்மாவுக்குக் குவைத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போக மாட்டேன் என்று அழுத அம்மாவை, "நீ படிச்ச படிப்புக்குப் போ, பசங்கள நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தவர் அப்பாதான். பிள்ளைகள் வாடினார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா விமானம் ஏறினார். அப்பா ஜன்னல் கம்பியில் மூன்று நாடாவைக் கட்டி, பின்னல் பழக ஆரம்பித்தார்.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் அத்தை, அப்பாவின் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அசோக் நகரிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பார். தம்பியின் கன்னத்தைப் பிடித்துப் பார்ப்பார். "இன்னாடா இது, கொழந்த மூஞ்சி இப்பிடி வாடிக் கீது?" என்பார். பாசம்தான், ஆனால் அதிகாரத்தோடு வருகிற பாசம். கடைசியில், அம்மா திரும்பும்வரை நாங்கள் இருவரும் அசோக் நகரில்தான் வளர வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். எங்கள் வீட்டில் நடக்கவிருந்த ஜெபக்கூட்டத்துக்கு வரும்போது துணிமணி அள்ளிப்போக ஒரு பெரிய பையையும் கொண்டுவந்திருந்தார். அப்பா அந்தப் பையைப் பார்த்துவிட்டு, பாய் விரிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் எங்கள் ஒற்றை அறை நிறையச் சபை மக்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். குவைத்திலிருந்து அம்மாவும் கூட்டத்தில் கலந்துகொண்டார், அதாவது தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயா, "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் சபைகளில் சாட்சி என்றால், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்பும் சொல்வது. இது எனக்குத் தெரியாது. நான் அறிந்த சாட்சி டிவி சீரியலில் கூண்டில் ஏறி நிற்பவர். புத்தகத்தின் மேல் கை வைத்துவிட்டால் உண்மையைத் தவிர வேறொன்றும் பேசக் கூடாது. அத்தை எங்களைக் கொண்டுபோகத் துடிக்கும் வழக்கில் என்னை விட்டால் வேறு சாட்சி ஏது? எழுந்தேன். பாஸ்டர் மடியிலிருந்த வேதாகமத்தின் மேல் கையை வைத்தேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க அப்பா பின்ற ஜடை கோணலா இருக்கும். ஆனா அவுராது. சாம்பார்ல புளி போட மறந்துடுவாரு. தம்பி ராத்திரி அம்மா வேணும்னு அழுதா நைட்டு ஃபுல்லா தோள்லயே வெச்சிருப்பாரு, காலையில அப்பிடியே டூட்டிக்குப் போவாரு."

கூட்டம் சிரித்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். கை வேதாகமத்தின் மேல் இருந்ததே! அம்மாவிடம் சொல்லவே கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்த விஷயத்தையும் மறைக்க முடியவில்லை. போன மாதம் தம்பிக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொன்னேன். ஆட்டோ கிடைக்காத மழையில் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், வீடு வந்து சேரும்வரை கட்டிலருகே தரையிலேயே உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். "அப்புறம் அப்பா கிச்சன்ல அழுதாரு. கேட்டா வெங்காயம்னாரு. அன்னிக்கு வெறும் ரசம்தான். ரசத்துல வெங்காயமே போடல."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தலை நிமிரவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார், பிறகு மெல்லப் பையைத் தன் பக்கம் இழுத்தார். லைன் போய்விட்டது என்று நினைத்துத் தம்பி போனை எடுத்து உலுக்கினான். அம்மா இதோ வேலையை விடப்போகிறார், என் வாயால் அப்பா தோற்கப்போகிறார் என்று பயந்து வேதாகமத்திலிருந்து கையை எடுத்தேன்.

"அண்ணி," என்றது போன். அம்மாவின் குரல் உடைந்துதான் இருந்தது. "பசங்க அவர்கிட்டயே இருக்கட்டும். நானும் இங்க இருந்து காண்ட்ராக்ட முடிச்சிட்டே வரேன்." கொஞ்சம் பொறுத்து, "வெங்காயத்த உரிச்சுத் தண்ணியில போட்டு வெச்சிட்டு நறுக்கச் சொல்லுங்க அவர," என்றார்.

அப்பா அப்போதுதான் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அத்தை அந்தப் பையை உதறி மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாளைலேந்து கொழம்பு நான் குடுத்தனுப்பறேன். புளி போட்டு!" என்றார். எனக்கு ஒரே பெருமை. வழக்கை நான்தான் ஜெயித்தேன் என்று, ஜெபம் முடிந்து கொடுத்த போண்டாவைத் தின்றுகொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெருமையில் ஓட்டை போட்டவர், கூட்டத்துக்கு வந்திருந்த எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர். செருப்பு மாட்டும்போது என்னைக் கூப்பிட்டு, "சாட்சின்னா ஆண்டவர் செஞ்சதச் சொல்றதும்மா. நீ உங்கப்பா செஞ்சத மட்டுந்தான சொன்ன?" என்று அன்பாகவே திருத்தினார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. எவ்வளவு பேசியும் ஆண்டவர் பெயரை ஒரு தடவைகூட நான் எடுக்கவில்லைதான்.

அம்மா சொன்னபடி முடித்துவிட்டு வந்தார். நாங்களும் வளர்ந்துவிட்டோம். போன மாதம் என் முறை. நானும் நர்ஸ், எனக்கும் வெளிநாட்டு வேலை. விமான நிலைய வாசலில் அம்மா என் தலையில் கை வைத்து நீளமாகப் பிரயாண ஜெபம் செய்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த அப்பா, "இன்னா பாப்பா, ஜடை கோணலா கீது?" என்று என்னைத் திருப்பி நிறுத்தினார். அத்தனை பேர் நடுவே ரப்பர் பேண்டை வாயில் கவ்விக்கொண்டு, அவிழ்த்து, வாரி, நேராகப் பின்னிவிட்டார். பிறகு முதுகில் இரண்டு தட்டு. "போலாம், ரைட்."

கோணாமல், அவிழாமல் அந்த ஜடை கடல் தாண்டி வந்தது. ஆண்டவரைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று அந்தச் சின்ன வயதில் எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். சொன்னது முழுக்க அவரைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.