‘சாந்தே’ என்றார் தாதி

பியர்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் குழந்தை வண்டில்கள் வரிசையாக நிற்பதை ஊரில் இருக்கும் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். பிரெஞ்சு நாட்டு லா சப்பலில், இலையுதிர்காலச் சனிக்கிழமை ஒன்றில், பழைய களஞ்சியத்துக்குள் நடந்த விழாவில் நான் கண்டேன். அந்த வரிசையில் என் மகனின் வண்டிலும் நின்றது.

கீழ்வீட்டுக் கிளேர் அழைத்தபோது ‘தெகுஸ்தாசியோன்’ என்றுதான் சொன்னாள். சுவைத்துப் பார்ப்பது. கடைகளில் சீஸ் துண்டைக் குச்சியில் குத்தி நீட்டுவார்களே, அதுவென்று நினைத்துவிட்டேன். “கூப்பிட்ட பிள்ளையின்ரை மனம் நோகக்கூடாது, போட்டு வாருமன்” என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார். வாசலில் மணம் அடித்தபோதே திரும்பியிருக்கலாம். திரும்பினால் மரியாதையில்லையோ என்று உள்ளே போனேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு கள்ளுத் தவறணை இருந்தது. அதைக் கடக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்போம். உள்ளே எட்டிப் பார்த்தாலே கதை கட்டிவிடுவார்கள். இங்கேயோ தாத்தாமாரும் கைக்குழந்தைக்காரிகளும் சின்னக் குவளையை வெளிச்சத்தில் பிடித்து, மணந்து பார்த்து, நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் போட்ட பியர்கூட இருந்தது.

“தெ செகோந்த்!” இரண்டே நொடி என்று தன் குவளையை என் கையில் திணித்துவிட்டு, கிளேர் கழிப்பறைக்கு ஓடினாள். அப்போதுதான் அந்தத் தாதியைக் கண்டேன். தாய்சேய் நிலையத்தில் மகனை நிறுப்பவர். போன கிழமை எடை கூடவில்லை என்று புருவம் சுருக்கியவர். “பால் கொடுக்கிறீர்கள், மது குடிப்பீர்களா?” என்று அவர் கேட்டபோது, “நோன், மதாம்” என்றிருந்தேன். ஒழுங்காக வளர்க்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்மவர்கள் சொல்லும் கதைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. குவளையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப்போய்ப் பாதி பியர் விரல்களில் வழிந்தது.

அவர் நேரே வந்தார். தன் குவளையை உயர்த்தி, “சாந்தே!” என்றார்.

சாந்தே என்றால் சுகம். பிள்ளையின் எடையும் தடுப்பூசியும் எழுதும் புத்தகத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. இந்த இடத்திலேயே சோதனையா? குவளையை நிலத்தில் வைத்துவிட்டு, பையைக் கிளறிப் புத்தகத்தை எடுத்து இரு கைகளாலும் நீட்டினேன். “இது என்னுடையதில்லை, மதாம். நான் குடிக்கவில்லை” என்று பிரெஞ்சில் உளறினேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“மே நோன்! குடிக்கும்போது நாங்கள் அப்படித்தான் வாழ்த்துவோம். இன்றைக்கு எனக்கு லீவு!” பக்கத்து வண்டிலில் கிடந்த மகனின் கன்னத்தைத் தட்டி, “இவன் நன்றாகத்தான் இருக்கிறான்” என்றார்.

அத்தோடு பயம் போயிருக்க வேண்டும். சிரித்தபடியே மனதில் குறித்துக்கொண்டாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

வீட்டுக்குத் தமிழ்க் கடைத் தெருவான ரூ காய் வழியாகத்தான் வரவேண்டும். விரல்களைத் துடைத்தும் மணம் போகவில்லை. கைக்குழந்தைக்காரி குடித்துவிட்டு வருகிறாள் என்று அங்கே ஒரு வாய் சொன்னால் போதும், இரவுக்குள் யாழ்ப்பாணத்தில் மாமியின் காதுக்குப் போய்விடும். வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பலசரக்குக் கடை வாசலில் முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார்.

“தங்கச்சி, வண்டில் கோணலா ஓடுது. மற்றக் கைக்கு என்ன?”

“குளிர், அண்ணை.”

“ஒரு கைக்கு மட்டுமோ?”

“ஓம்” என்று சொல்லிவிட்டுத் தள்ளினேன். ஒற்றைக் கைக்கு அடங்காமல் வண்டில் தெரு முழுக்க ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது.