இரண்டாம் அறையைப் பார்க்க வந்தவள்

விடுதிக்கார அக்கா முதன்முதலில் எங்கள் கடைக்கு வந்தது ஒரு மட்டையை லமினேற் பண்ண. ‘அறை வாடகைக்கு உண்டு’ என்று ஆங்கிலத்தில் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தா. அதில் இரண்டு எழுத்துப் பிழை. நான் பிழையைத் திருத்தித் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். அவ மட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதை றோட்டில மாட்டினால் ஆர் பார்க்கப்போகினம்? கழுதையளும் மீன்காரரும்தான்” என்றா. பிறகு என்னை ஒரு பார்வை. “பிள்ளை, இந்த இன்ரநெற்றில போடுற விளம்பரம் உனக்குத் தெரியுமோ?”

“ஆமா, தெரியும்” என்றேன்.

“ஆமாவோ! எந்த முகாம்?”

இங்கே எல்லோரும் ‘ஓம்’ என்பார்கள், என் ‘ஆமா’ என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்படித்தான் பழக்கமானோம். நான் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவள். சண்டை முடிந்தபிறகு அப்பா அம்மாவோடு உயிலங்குளத்துக்குத் திரும்பி இரண்டு வருசம் ஆகியிருந்தது. அப்பா காடு பிடித்துப்போயிருந்த வயலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயல்வேலை வராது. கையில் இருந்தது ஒரு கம்பியூட்டர் டிப்ளோமா. அதை வைத்துத்தான் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போனும் இன்ரநெற்றும் பார்க்கிற இந்தக் கொமினிகேசன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவும் இந்திய முகாமில் இருந்து வந்தவதான். ஐம்பது வயசு இருக்கும், தனிக்கட்டை. தாழ்வுபாட்டில் தாய்தகப்பன் வீட்டைத் திருத்தி, கடல் பார்க்கவும் பறவை பார்க்கவும் வாறவைக்கு மூன்று அறை ஒழுங்கு பண்ணியிருந்தா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் படம் எடுத்தேன். முதலாம் அறையில் கட்டிலும் நுளம்புவலையும். மூன்றாம் அறையில் கட்டிலும் ஒரு சாய்மனைக் கதிரையும். இரண்டாம் அறையில் கட்டிலை விடப் பெரிதாக ஒரு அலுமாரி நின்றது. கருங்காலி நிறம், கதவில் கொத்தான திராட்சைக் குலை.

“அம்மாவின்ர” என்றா அக்கா. “சண்டைக்குள்ள கோயில் களஞ்சியத்தில கிடந்து தப்பினது. நாங்கள்தான் கடல் கடந்து போனம். அது இங்கயே இருந்திட்டுது.”

விடுதிக்கான இணையத்தளம் தயாரானதும் வருகிற ஆட்களைக் கணக்கெடுக்கும் வசதி ஒன்றையும் உள்ளே பொருத்தினேன். முதல் கிழமை அக்கா கடைக்கு வந்து கேட்டபோது பெருமையாகத் திரையைக் காட்டினேன். பதினொரு வருகை.

“பதினொரு பேரோ! மாதாவே!” அக்கா நெஞ்சில் கைவைத்தா. அந்தப் பதினொன்றில் ஒன்பது, கடையில் இருந்த மூன்று கம்பியூட்டரிலும் என் போனிலும் நானே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டா.

“அப்ப வாறது நீதான் எண்டு அதுக்குத் தெரியுமோ?”

“பேர் தெரியாது அக்கா. ஆனா வர்றவங்க பிரவுசர்ல ஒரு சின்னக் குறிப்பை வச்சிரும். அதுல ஒரு நம்பர் இருக்கும். அடுத்த தடவை வந்தா, அந்த நம்பரைப் பார்த்து ‘இவர் முந்தி வந்தவர்’னு கண்டுபிடிச்சிரும். அதுக்குப் பேர் குக்கி.”

“பிஸ்கட்டோ?”

“பேர் அப்படி. திங்க முடியாது.”

அக்கா கொஞ்சம் யோசித்தா. “ஆஸ்பத்திரியில நம்பர்த் துண்டு தாற மாதிரி. நம்பரைக் காட்டினால் உள்ளுக்க இருந்து பழைய கொப்பியை எடுப்பினம்.”

அதைவிட நல்ல விளக்கம் எனக்கு டிப்ளோமாவில்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் குக்கிக்குத் துண்டு என்றே பெயர்.

மூன்றாம் கிழமைதான் அந்த ஆள் எங்கள் கண்ணில் பட்டது. கொழும்பில் இருந்து சிலர் வந்தார்கள், ஒரு பக்கம் பார்த்தார்கள், போனார்கள். ஒரே ஒரு துண்டு மட்டும் ஒவ்வொரு நாளும் வந்தது. பாரிசுக்கு வெளியே ஒரு ஊர். போனில் பார்க்கிற ஆள். போனில் மொழி பிரெஞ்சு. எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் வரும். கடல் படத்தைத் திறக்காது, சாப்பாட்டுப் பக்கத்தைத் திறக்காது. நேராக இரண்டாம் அறை. ஒருநாள் பதினொரு நிமிசம் அங்கேயே நின்றது.

“வெள்ளைக்காரர் யாரோ வரப் போறாங்க அக்கா” என்றேன் நான்.

அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து அந்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தா. பிறகு கதிரையில் சாய்ந்து கைகட்டிக்கொண்டா.

“வெள்ளைக்காரரும் இல்லை, ஒண்டும் இல்லை. அது என்ர தங்கச்சி.”

தங்கச்சி பிரான்சுக்குப் போய் இருபது வருசம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் சமையல் வேலை. எங்கள் மூன்றரை அவளுக்கு மத்தியானம், சாப்பாட்டு நேரம். அந்த அலுமாரியைத் தாய் தனக்குத்தான் சீதனமாகச் சொன்னவ என்பது தங்கச்சியின் கட்சி. கடலுக்கு அங்கால போனவளுக்கு அலுமாரி எதுக்கு என்பது அக்காவின் கட்சி. தாய் செத்த கிழமை போனில் சண்டை பிடித்து, ஆறு வருசமாகப் பேச்சில்லை.

“பேச மாட்டாள், ஆனால் வந்து பார்ப்பாள்” என்றா அக்கா. அவவின் முகத்தில் ஒரு குறும்பு ஏறியதை நான் பார்த்தேன். “பிள்ளை, அந்தப் படத்தை மாத்துவமோ?”

முதலில் அலுமாரிக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடியை வைத்துப் படம் எடுத்தோம். அடுத்த நாள் துண்டு இரண்டு தரம் வந்தது. பிறகு கதவுப்பிடியில் ஈரத் துவாய் ஒன்றைத் தொங்கவிட்டோம். மூன்று தரம். அக்காவுக்கு இது தொலைக்காட்சி நாடகத்தைவிட ருசியாகிவிட்டது. மூன்று மணிக்கே தாழ்வுபாட்டில் இருந்து பஸ் பிடித்து வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவா. எனக்கும் ருசிதான், பொய் சொல்லக்கூடாது.

“உண்மையா பெயின்ற் அடிச்சால் பாவம்” என்றா ஒருநாள். “நீ கம்பியூட்டரில அடிக்கலாமோ?”

அடித்தேன். கிளிப்பச்சை. திராட்சைக் குலைக்கு ரோஸ் நிறம். பார்க்கவே கண் கூசியது. போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மூன்று நாற்பதுக்குத் துண்டு வந்தது. போனது. திரும்ப வந்தது. நாலு தரம் வந்தது. நாலாம் தரம் போன கையோடு அக்காவின் போன் அடித்தது.

அக்கா ஒலிபெருக்கியில் போட்டா.

“அக்கா! அம்மாவின்ர அலுமாரிக்கு ஆர் பெயின்ற் அடிச்சது?”

ஆறு வருசத்துக்குப் பிறகு கேட்ட முதல் வசனம் அது. அக்கா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனா.

“நீ எங்க பார்த்தனி?”

தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள்.

“ஆரோ சொன்னவை.”

“ஆரோ எண்டால்? இண்டைக்கு மட்டும் நாலுதரம் வந்து பார்த்த ஆரோவோ? அண்டைக்குப் பதினொரு நிமிசம் நிண்ட ஆரோவோ?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் தங்கச்சி சிரிக்கவில்லை.

“என்னை வேவு பார்க்கிறியோ?” என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது. “ஊரில இருக்கேக்கதான் ஒவ்வொருத்தனும் வந்து எங்களைப் பதிஞ்சான், படம் எடுத்தான், ஆர் வந்தது ஆர் போனது எண்டு கேட்டான். இப்ப நீயுமோ?” போனை வைத்துவிட்டாள்.

அக்கா எழும்பிப் போய் வாசலில் நின்றா. முகாமில் கிழமைக்குக் கிழமை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்கள். திரும்பி வந்த பிறகு ஆமிக்காரர் வீட்டுக்கு வந்து குடும்பப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கணக்கெடுக்கப்படுகிறது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள்தான் நான். அதைத் தெரிந்துகொண்டும், யாரோ ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் என்ன பார்க்கிறாள் என்று மூன்று கிழமையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அழிச்சு விடவா அக்கா?” என்றேன். “எண்ணுறதையே நிறுத்திடலாம்.”

“நிப்பாட்டினால் வாற ஆளை எப்பிடித் தெரியும்?” என்றா. கொஞ்சம் பொறுத்து, “சொல்லிப்போட்டுச் செய்வம். அறிவித்தல் ஒண்டு போடு. நான் சொல்லுறன், நீ எழுது” என்றா.

அவ சொல்லச் சொல்ல நான் எழுதிய அறிவித்தல் இது: ‘வாறவையின் கவனத்துக்கு. நீங்கள் வந்து போறது எங்களுக்குத் தெரியும். எந்த ஊர், எந்த அறையைப் பார்த்தனீங்கள், எவ்வளவு நேரம் நிண்டனீங்கள் எண்டதும் தெரியும். பெயர் தெரியாது. திரும்ப வந்தால் அடையாளம் பிடிக்க உங்கட போனில ஒரு சின்னத் துண்டு வைப்பம். விருப்பமில்லாட்டில் அதை அழிச்சுப்போட்டும் வரலாம். கோவிக்கமாட்டம். அலுமாரிக்குப் பெயின்ற் அடிக்கேல்லை.’

கடைசி வசனம் விருந்தினருக்கு விளங்காது என்று சொல்லிப் பார்த்தேன். “விளங்க வேண்டிய ஆளுக்கு விளங்கும்” என்றா. பழைய படத்தையும் திரும்பப் போட்டோம்.

அடுத்த நாளில் இருந்து அந்தத் துண்டு வரவில்லை. அக்கா இரண்டு நாள் மூன்று மணிக்கு வந்து பார்த்தா, மூன்றாம் நாள் வரவில்லை. ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. தளத்துக்குப் புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை ஒருவர். செவ்வாய் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை ஐந்து பேர். எல்லோரும் முதல் முறை வாறவர்கள், யாரிடமும் பழைய துண்டு இல்லை. நான் போனில் சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தா. துவாய் வாங்கினா. குசினிக்கு உதவிக்கு ஒரு பெண்ணைக் கேட்டு வைத்தா. தாழ்வுபாடு முழுக்க, “வெளிநாட்டில இருந்து ஒவ்வொரு நாளும் புதுப்புது ஆக்கள் என்ர வீட்டைப் பார்க்கினம்” என்று சொல்லித் திரிந்தா.

பத்து நாள் கழித்துத்தான் நான் ஆற அமர இருந்து பட்டியலை வாசித்தேன். புது ஆட்கள் எல்லோரும் பிரான்ஸ். எல்லோரும் பாரிசுக்கு வெளியே அதே ஊர். எல்லோருக்கும் அதே மாதிரிப் போன். மூன்றரைக்குப் பிறகுதான் வருவார்கள். வந்ததும் நேரே இரண்டாம் அறைக்குப் போவார்கள்.

கடையில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாழ்வுபாட்டுக்கு ஓடினேன். அக்கா புதுத் துவாய்களைத் தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டு நின்றா.

“அக்கா, வர்றது எல்லாம் ஒரே ஆள். ஒவ்வொரு தடவையும் துண்டை அழிச்சிட்டு வர்றாங்க. அதான் புது ஆளாத் தெரியுது.”

கையில் இருந்த துவாயை அக்கா முகத்தில் பொத்தினா. அழப்போகிறா என்று நினைத்தேன். அவ கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவில் கருவாடு காயப்போட்ட பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

“நான் சொல்லிக் குடுத்த வழியாலேயே என்னைக் கொண்டே சுவருக்கு வெள்ளை அடிப்பிச்சுப் போட்டாளே!” என்றா.

அந்தக் கிழமையே அறை கேட்டு முதல் விண்ணப்பம் வந்தது. பெயர் எழுதும் இடத்தில் ‘புது ஆள்’ என்று தமிழில் இருந்தது. இரண்டு பேர், ஆகஸ்டில் ஒன்பது நாள். எந்த அறை வேண்டும் என்ற கேள்விக்கு இலக்கம் போட்டிருக்கவில்லை. ‘உங்களுக்குத் தெரியும்’ என்று எழுதியிருந்தது.

வந்த அன்று நானும் போயிருந்தேன். தங்கச்சியும் அவளுடைய மகளும் வாடகை வானில் இருந்து இறங்கினார்கள். தங்கச்சி, அக்காவைவிட உயரம், அதே மூக்கு. இரண்டு பேரும் கட்டிப்பிடிப்பார்கள் என்று நான் வாசலை விட்டு விலகி நின்றேன். தங்கச்சி சப்பாத்தைக் கழற்றிப்போட்டு நேரே இரண்டாம் அறைக்குப் போனாள். அலுமாரிக் கதவை நகத்தால் சுரண்டினாள். சுரண்டிய நகத்தை மணந்து பார்த்தாள்.

“அடிக்கேல்லைத்தான்” என்றாள்.

“எழுதிப் போட்டனான்தானே. வாசிக்கத் தெரியாதோ?”

“நீ எழுதுறதை எல்லாம் நம்பேலுமோ?”

அந்தத் திராட்சைக் குலைக்கு முன்னால்தான் இரண்டு பேரும் அழுதது. நானும் மகளும் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டோம். பார்த்து மூடியதும் துண்டு தானாகவே அழியும்படி தாயின் போனில் செய்து கொடுத்தது தான்தான் என்று அவள் கொச்சைத் தமிழில் ஒத்துக்கொண்டாள்.

ஒன்பது நாளும் அலுமாரி யாருடையது என்ற வழக்கு நடந்தது. பிரான்சுக்குக் கொண்டுபோக முடியாது என்பது இரண்டு கட்சிக்கும் தெரியும். கடைசி நாள் வழக்கே இல்லை. தங்கச்சி அமைதியாகச் சாப்பிட்டு, அமைதியாக வாடகை வானில் ஏறிப் போனாள். “பாவம், விட்டுக் குடுத்திட்டாள்” என்றா அக்கா.

அவள் போன மூன்றாம் நாள் வவுனியாவில் இருந்து விருந்தினர் வந்தார்கள். பெட்சீற் எடுக்கப் போனபோதுதான் அலுமாரி பூட்டியிருப்பது தெரிந்தது. முகாமில் சாவி என்போம், இங்கே திறப்பு; அது பிரான்சுக்குப் போய்விட்டது. அக்கா மூன்றரைக்குப் போன் எடுத்தா. “பாதி எனக்கு எண்டு ஒத்துக்கொள்ளு, அனுப்புறன்” என்றாள் தங்கச்சி. “செத்தாலும் மாட்டன்” என்றா அக்கா. விருந்தினருக்கு நான் உயிலங்குளத்தில் இருந்து எங்கள் வீட்டுப் பெட்சீற்றுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பூட்டை உடைக்க ஆள் பிடித்துத் தருகிறேன் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அக்கா விடவில்லை. “உடைச்சால் என்னத்தைக் கதைக்கிறது?” என்றா. நான் அந்தக் கடையை விட்டுப் போகும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் மூன்றரைக்கு இரண்டு பேரும் போனில் அந்தத் திறப்புக்குச் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.