உதயத்தில் தொடங்கும் நாளும் ஒரு கருந்துளையும்

போன ஞாயிறு வில்லியனூரில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் நாத்தனார் செல்வி, வானியல் குழுவை நடத்தும் கல்லூரி ஆசிரியர், தன் கடை மாடியைக் குழுவுக்குத் தந்திருக்கும் ரஹீம் பாய்.

அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீனும் ஒரு கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஐந்து மணி நேரம்கூட ஆவதில்லை. விண்மீனின் காற்றை இழுத்து விழுங்கும் கருந்துளை, சில நாட்களில் கொஞ்சத்தைப் பீய்ச்சியடிக்கும். அப்போது காமா கதிர் ஏறும், பிறகு அடங்கிவிடும். செயற்கைக்கோளில் ஒவ்வொரு காமா துகளும் விழுந்த நேரம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பதினான்கு மாதமாக நாள்வாரியாக எண்ணி நோட்டில் எழுதி வருகிறேன். குழுவின் கண்காட்சியில் என் வரைபடத்தை மாட்டுவதாக இருந்தது. ஆனால், "சில ஏற்றங்கள் எங்கள் கணக்கைவிட ஒரு நாள் முந்தி இருக்கின்றன, சரிபார்க்காமல் மாட்ட முடியாது" என்று சார் எழுதிவிட்டார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கரிக்கலாம்பாக்கத்தில் காலை 9.10-க்கு ஷேர் ஆட்டோ. ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், ஆளுக்கு இருபது ரூபாய்.

"இன்னா அண்ணி, நோட்ட இப்பிடி கட்டிப் புடிச்சினு வர? எவனும் புடுங்கினு போவ மாட்டான்" என்றாள் செல்வி.

கோயிலில் நோட்டைச் சாமி முன் வைத்து எடுத்துக்கொண்டு 10.15-க்கு மாடி ஏறினோம். சார் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ஒரு நாள எப்பம்மா ஆரம்பிக்கிறீங்க?" என்றார்.

"பொழுது விடிஞ்சாதான் சார் அடுத்த நாளு. விரதத்துக்கும் அப்பிடித்தான் எண்ணுவேன்." 

"எங்க வூட்ல மக்ரிப்புக்கே, பொழுது சாஞ்சதுமே நாளு மாறிடும். நல்லவேள, நான் எண்ணல" என்று சிரித்தார் பாய்.

சார் ஃபோனில் ஆய்வாளர்களின் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து என் நோட்டோடு ஒப்பிட்டார். ஏற்றங்கள் எல்லாமே பொருந்தின. "அவங்க உலக நேரத்துல எண்ணுறாங்க. அந்த நாளு நம்மூர்ல காலைல அஞ்சரைக்குதான் பொறக்குது. ராத்திரி பன்னெண்டுக்கு மாத்தி தப்பு பண்ணது நாங்கதாம்மா."

"அப்ப மாட்டுவீங்களா மாட்டீங்களா? அத சொல்லுங்க சார்" என்றாள் செல்வி.

"மாட்டுறோம்மா."

கீழே வந்து எலுமிச்சை ஜூஸ் குடிக்கும்போதுதான், காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

போகிறவர்கள் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஞாயிறு மதியம் ஆட்டோ குறைவு. திரும்பி வர நாற்பது நிமிடம் காத்து நின்றோம். என்னைப் போல் துகள் எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு நாளையும் காலை ஐந்தரைக்கே தொடங்குங்கள், உதயம்வரை காத்திருக்க வேண்டாம்.

மார்கழியில் ஒரே ஒரு துகள் காலை 5.50-க்கு விழுந்திருக்கிறது. விடியாததால் முந்தைய நாளில் எழுதியிருந்தேன். இப்போது மறுநாளுக்கு மாற்றிவிட்டேன். இதே தரவை எடுத்து வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு வரைபடம் சுவருக்குப் போகிறது. அதற்குள் பதில் வேண்டும்.