கார் வேண்டாம் என்ற குடும்பம்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், எங்கள் ஆட்களுக்குள் காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம் என்று சொல்லித் திரிந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழலில் அக்கறை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள், எங்களுக்கும் அது சரி என்று பட்டது. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உண்மை இதுதான். என் கணவருக்கு வலிப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில், அவருடைய தலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கை விறைத்தது. கார் தானாக ஊர்ந்துபோய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. பின் இருக்கையில் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது வந்திருந்தால் என்று நினைக்கவே கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

ஒரு வருடமாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் மறுபடி கார் ஓட்டலாம் என்றார் மருத்துவர். சில மாதங்களில் இன்னொன்று வந்தது. கணக்கு மறுபடி முதலிலிருந்து.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வலிப்பு வந்தவரை எப்படிப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, எவ்வளவு நேரம் பொறுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், எல்லாம் தெரியும். அங்கே அது ஒரு வருத்தம், ஒரு நோய், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்குள் வந்தால் அது வேறு. 'வலிப்புக்காரன்ரை பிள்ளையள்' என்று ஒரு வாய் சொன்னால் போதும். மூத்தவளுக்குப் பதினாறு வயது. கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பாள். அவள் கனவிலும் இல்லாத அந்தக் கல்யாணத்துக்காக நானும் அவள் அப்பாவும் வாயைப் பூட்டிக்கொண்டோம். தொழிற்சாலையில் சாமான் தூக்கும் வண்டியிலிருந்து அவரை இறக்கிப் பெட்டி கட்டும் பக்கம் மாற்றியதற்கு முதுகுவலி என்று சொன்னோம்.

கார் இல்லாமல் வாழலாம். ஆனால் எங்கள் ஆட்கள் விட மாட்டார்கள். கோயிலிலிருந்து நடந்து வந்தால் பின்னால் ஹோர்ன் அடிக்கும், 'ஏறுங்கோ, இறக்கிவிடுறன்' என்பார்கள். கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம். என் கணவர் குடிப்பதில்லை. இரண்டு கிளாஸ் போட்டவர்கள் எல்லோரும் காலங்காலமாகத் தங்கள் காரை அவர் கையில்தான் கொடுத்தார்கள். 'அண்ணை, நீங்கள்தான் ஓடவேணும்' என்று நீட்டுவார்கள். எத்தனை முறை முதுகுவலி என்று சொல்வது? சாப்பாடு முடியும் முன்பே மண்டபத்தை விட்டு வெளியேறத் தொடங்கினோம். பிறகு போவதையே நிறுத்தினோம்.

அவர் சுருங்கிப்போனார். வேலையால் வந்து சோபாவில் இருந்து ரயில் வீடியோ பார்ப்பார். ஓட்டுநர் பெட்டியிலிருந்து எடுத்த வீடியோ, தண்டவாளம் வந்துகொண்டே இருக்கும், யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் இருந்தும் என்ன பிரயோசனம்," என்றார்.

சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்லும் குரலில் அதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ச் சோபாவில் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், கம்பிரியாவில், இரண்டு பெட்டியுடன் கடலை ஒட்டி ஓடும் ஒரு ரயில். சில நிலையங்களில் கையை நீட்டினால்தான் நிற்குமாம்.

"இதிலை ஒருக்காப் போகவேணும்," என்றார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம் அது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் போகிறவள் கையில் அகப்பட்டதைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தேன். இந்தப் பயணம் நடந்தால் என் மனிதர் திரும்பி வருவார், நடக்காவிட்டால் வர மாட்டார் என்று எனக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது.

மற்றவர்கள் விடுமுறைக்குத் திட்டம் போடும்போது கடற்கரையையும் சாப்பாட்டையும் பார்ப்பார்கள். நான் நித்திரையைப் பார்த்தேன். நித்திரை கெட்டால் வலிப்பு வரும். ஆகவே விடியற்காலை ரயில் கூடாது, இரவு ரயில் கூடாது. கொலோனில் மாறி, பிரசெல்சில் மாறி, கடலுக்கு அடியால் போகும் ரயிலில் லண்டன். அங்கே பெட்டிகளை இழுத்துக்கொண்டு பக்கத்து நிலையத்துக்கு நடை. பிறகு வடக்கே லங்காஸ்டர், அங்கிருந்து அந்தச் சின்ன ரயில். எங்கள் ஊர் ரயில்கள் பிந்தும் அழகு எல்லோருக்கும் தெரிந்ததுதானே, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு ரயில் தவறினாலும் அடுத்தது இருக்கும்படி போட்டேன். அவருக்கு ஜன்னல் ஓரம், எனக்கு நடைபாதை ஓரம். மாத்திரைக்கு இங்கே ஒரு நேரம், இங்கிலாந்தில் ஒரு மணித்தியாலம் முந்தி. அந்தப் பாதையில் ஒரு கடற்கரை ஊரில் வாடகைக்கு எடுக்கும் வீடு தரைத்தளத்தில் இருக்க வேண்டும். படிக்கட்டு கூடாது. குளியல் தொட்டி கூடவே கூடாது, அதில் ஒருவர் மூழ்கிவிட எவ்வளவு தண்ணீர் போதும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரப் பெண் ஒவ்வொரு பதிலிலும் கார் நிறுத்த நல்ல இடம் உண்டு என்று எழுதினாள். காரே இல்லை என்று நான் எழுதியதும், அப்படியென்றால் இங்கே எப்படி வரப்போகிறீர்கள் என்று கவலைப்பட்டாள்.

அந்த ஊரை நான் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தமிழ்க் கடை இல்லை, ஒரு கோயில் இல்லை, எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெட்ரோல் நிலையம்கூட இல்லை. தெருவில் விழுந்தாலும் எங்களை யாரென்று தெரியாதவர்கள்தான் பார்ப்பார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் வழியில் லண்டன் இருந்தது. அங்கே என் கணவரின் அண்ணன் இருக்கிறார். லண்டனை மிதித்துவிட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் போவது எங்களிடத்தில் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதற்கு அடுத்த குற்றம். அந்த நிலையத்தில் யாராவது ஒருவர் எங்களைக் கண்டே தீருவார், அன்று மாலையே கதை போய்விடும். ஆகவே நானே தொலைபேசி எடுத்தேன். இரண்டு ரயிலுக்கும் இடையில் கொஞ்ச நேரம் இருக்கிறது, நிலையத்துக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"என்ன பிள்ளை, விசர்க் கதை கதைக்கிறாய்? வீட்டை வராமல் போறதோ?"

"பிள்ளையளுக்கு ரயிலிலைதான் போகவேணுமாம் அத்தான். கார் சுற்றுச்சூழலுக்குக் கூடாதாம்."

"சரி சரி, விளங்குது," என்றார். குரல் இளகியிருந்தது. அப்பாடா என்று தொலைபேசியை வைத்தேன். அவருக்கு என்ன விளங்கியது என்று நான் யோசிக்கவில்லை.

லண்டனில் இறங்கி வெளியே வந்தபோது இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பையுடன் நின்றார். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தார். தம்பியின் தோளைத் தட்டி, "மெலிஞ்சு போனாய்," என்றார். பெட்டியைப் பறித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாங்கள் போக வேண்டிய திசை அதுவல்ல. பின்னாலேயே ஓடினோம். ஒரு பக்கத்துத் தெருவில், கழுவித் துடைத்த ஒரு பெரிய வான் வண்டி நின்றது.

"ஒரு கிழமைக்கு இதை வைச்சிருங்கோ. என்ரை வேலை வான்தான், லீவு போட்டிட்டன். ரயிலும் மண்ணாங்கட்டியும். கையிலை காசில்லாமல்தான் காரை வித்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே? சொல்ல வெக்கப்பட்டுச் சுற்றுச்சூழலாம்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பொய்யை ஊரே இப்படித்தான் மொழிபெயர்த்து வைத்திருந்தது. காரை வேண்டாம் என்று சொல்கிற தமிழன் கிடையாது, கையில் இல்லாதவன்தான் அப்படிச் சொல்வான்.

"போற வழியிலை என்னை வீட்டை இறக்கிவிடு. முந்திப் பேர்லினுக்கு ஒரே மூச்சிலை ஓடுறனி," என்று சொல்லி அண்ணன் சாவியைத் தம்பியின் கையில் வைத்தார்.

என் கணவர் அதைத் திருப்பிக் கொடுப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரல்களை மூடினார். அந்த முகத்தை நான் ஒன்றரை வருடமாகக் காணவில்லை. நிமிர்ந்து நின்றார். எந்த முகத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேனோ, அந்த முகம்.

"மெல்லமாத்தானே," என்று என் காதுக்குள் சொன்னார். "கன நாளா வரேல்லைத்தானே."

சின்னவள் பின்னால் ஏறி இருந்துவிட்டாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். மூத்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில், ஜெர்மன் மொழியில், ஏதாவது சொல்லுங்கள் அம்மா என்றாள். சந்தியில் சிவப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவரைத் தெருவில் வைத்து அவமானப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளை அந்த வானில் ஏற்ற வேண்டும். அந்த நிமிடம் நிலம் பிளந்து என்னை எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

கதவுக்குள்ளால் கையை விட்டு அவர் கையிலிருந்த சாவியைப் பறித்தேன்.

"அத்தான், இவருக்கு வலிப்பு. இவர் ஓடக்கூடாது. அதுக்குத்தான் காரை வித்தனாங்கள்."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் சத்தமில்லாமல் இறங்கி வந்து என்னோடு ஒட்டிக்கொண்டாள்.

அண்ணன் என்னை வானின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். பேசுவார், திட்டுவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"தொடங்க முதல் அவனுக்கு ஒரு மணம் வாறதோ? றப்பர் எரியிற மாதிரி?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். அந்த மணத்தைப் பற்றி என் கணவர் என்னிடமும் மருத்துவரிடமும் மட்டும்தான் சொல்லியிருந்தார். வேலையிடத்தில் எத்தனையோ பேரின் வருத்தத்தைப் பார்த்தவள் நான். வலிப்பு வராதவனுக்கு அந்தக் கேள்வி தெரியாது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ரெண்டு மூண்டு தரம் வந்தது. நித்திரையிலைதான். ஓடேக்கை ஒருநாளும் வரேல்லை."

"அக்காவுக்குத் தெரியுமோ?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவள் இரவு வேலைதானே. ஒருத்தருக்கும் தெரியாது. டொக்டரிட்டைப் போனால் லைசென்ஸ் போயிடும். வான் ஓடுறதுதான் பிள்ளை என்ரை பிழைப்பு." சாவிக்குக் கையை நீட்டினார். "திறப்பைத் தா. நான் ஆறுதலா வீட்டை போறன். உங்கடை ரயிலுக்கும் நேரமாகுது."

லண்டனைக் குறுக்கே கடந்து இந்த வானை ஓட்டி வந்திருக்கிறார், சிரித்துக்கொண்டு, எங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு. இனித் திரும்பி ஓட்டிப் போகப்போகிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அவர்மேல் மட்டும் வந்ததல்ல. சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினேன். தொலைபேசியை எடுத்து அவர் மனைவியை அழைத்தேன்.

"அக்கா, வானை எடுக்க ஆரையாவது அனுப்புங்கோ. அத்தான் ஓடிக்கொண்டு வரமாட்டார்."

"ஏன்? என்ன நடந்தது? ஐயோ, அவருக்கு என்ன?"

"அவரே சொல்லுவார் அக்கா."

தொலைபேசியை நீட்டினேன். அண்ணன் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். உள்ளே அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என் கணவர் எப்போது இறங்கி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு கேட்டார் என்றும் தெரியாது. என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"அண்ணி, நான் கதைக்கிறன். எனக்கு வலிப்பு வாறது. அதாலைதான் காரை வித்தனான்."

இப்படி அவர் தன் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை. பிறகு தொலைபேசியை அண்ணனிடம் நீட்டினார்.

"இனி நீங்கள் சொல்லுங்கோ அண்ணை," என்றார்.