கவிழ்ந்து கிடக்கும் போன்

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் நோக்கி ஊர்கின்றன. பஸ் வராததால் ஒரு லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் செல்வத்தின் போனில் உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதி ஓடுகிறது. எங்கள் இருவருக்கும் ஒரே அணி. பெனால்டி வரை வந்துவிட்டது. எதிரணியின் அடுத்த உதை கோலானால் நாங்கள் வெளியே. என் நகங்களை எல்லாம் கடித்துத் துப்பியாயிற்று.

அந்த நேரம் பார்த்து முன்னால் நிற்கும் லாரி நகர்கிறது. இங்கே இடைவெளி விட்டால் பக்கத்து லாரி மூக்கை நுழைத்துவிடும். இதுவரை செல்வம் ஒருவருக்கும் வழி விடவில்லை. போனை என்னிடம் தருகிறார்.

"நீ பாத்து சொல்லு சார். நான் வண்டிய நவுத்தணும்."

உதைப்பவன் ஓடி வருகிறான். என் கை தானாகப் போனை மடியில் கவிழ்த்துவிடுகிறது. ஹாரன் இரைச்சலில் வர்ணனையும் கேட்கவில்லை.

"இன்னா சார், போச்சா?"

"பாக்கலங்க. நீங்களே பாருங்க."

பிரேக்கை மிதிக்கிறார். போனை நோக்கி நீண்ட கை, அதைத் தொடாமலே ஸ்டியரிங்குக்குத் திரும்புகிறது.

"கொஞ்ச நேரம் அப்டியே கெடக்கட்டும் சார்."

பக்கத்து லாரி உள்ளே நுழைகிறது. அதன் பின்னால் இன்னொன்று. செல்வம் இரண்டையும் போகவிடுகிறார்.