தொடைக்குள் கம்பி, தோளில் தண்டு

என் இடது தொடைக்குள் ஒரு கம்பி இருக்கிறது. இடுப்போரத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அது துருப்பிடிக்காதா, காந்தம் வைத்தால் ஒட்டுமா என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கிறீர்கள். துருப்பிடிக்காது. காந்தமும் ஒட்டாது. நான் தூங்குகிறேன் என்று நினைத்து நீங்கள் வைத்துப் பார்த்தது எனக்குத் தெரியும். அது உள்ளே போன கதையை எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது பெரியவள் கைக்குழந்தை. சின்னவன் பிறக்கவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பட்டுக் கடை முதலாளி கொடுத்த சேலைக் கட்டு ஒன்றை ஓரிக்கை ஊரில் சேர்த்துவிட்டு மொபெட்டில் திரும்பினேன். பாலாற்று மணல் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. ஒதுங்கினேன், சேற்றில் வழுக்கியது, வண்டி என் மேல் விழுந்தது. எழுந்து உட்காரப் பார்த்தேன். மூட்டே இல்லாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. வலிகூடப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தொடை எலும்பு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் கட்டுப் போடும் வைத்தியரிடம் தூக்கிப் போகலாம் என்றார்கள். எனக்கு உடனே என் சித்தப்பாவின் கால் நினைவுக்கு வந்தது. தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடை உடைந்து, மாதக்கணக்கில் கட்டோடு படுத்துக் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. ஒரு செருப்புக்கு மட்டும் தடித்த அட்டை தைத்து நடப்பார். அவருக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை, அவர் மளிகைக் கடைக்காரர்.

என் நிலைமை வேறு. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்படும்போது தோளில் தூக்கி வருகிறோமே, அந்த ஸ்ரீபாதம் தாங்கிகளில் நானும் ஒருவன் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் எங்கே வேண்டுமானாலும் நின்றுவிட முடியாது. தோள் உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். வாகனத்தைத் தாங்குகிற ஒரே தண்டின் கீழ் எனக்கு முன்னால் உங்கள் மாமா. சொந்த மாமா இல்லை, கூட்டாளிதான். தறி நெய்கிறவன். எங்கள் இரண்டு பேர் தோளும் ஒரே மட்டம். நான் இரண்டு விரற்கடை இறங்கினால் தண்டு என் தோளைத் தொடாது. என் பாரமும் அவன் மேல்தான் விழும். அப்படி ஒருவனை யாரும் சோடியாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்துக்கொள்ளவும் கூடாது.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. எல்லாரும் எப்போது நடப்பேன் என்றுதான் கேட்பார்களாம். நான் கேட்டது வேறு.

"டாக்டரம்மா, உயரம் கொறைஞ்சிடுமா?"

அவர் சிரிக்கவில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். உடனே ஒரு தாளில் படம் வரைந்தார். தொடை எலும்பு நடுவில் குழாய் மாதிரி இருக்குமாம். இடுப்புப் பக்கமாக நீளக் கம்பி ஒன்றை அந்தக் குழாய்க்குள் செலுத்தி, உடைந்த இரண்டு துண்டையும் அதில் கோத்து நேராக்குவார்களாம். மேலேயும் கீழேயும் குறுக்கே திருகாணி போட்டுப் பூட்டிவிட்டால் எலும்பு சுழலவும் முடியாது, குறுகவும் முடியாது.

நூல் சுற்றிய தார்க்குச்சியை நாடாவின் கம்பியில் மாட்டுகிற மாதிரியா என்று பக்கத்தில் நின்ற கூட்டாளி கேட்டான். நாடா என்றால் என்ன என்று அவர் கேட்க, ஊடைநூலோடு தறியில் குறுக்கே ஓடுவது என்று தொடங்கி இவன் அவருக்குத் தறி வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டான். உங்கள் அம்மாதான் அவனை வெளியே அனுப்பினாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை, காது மட்டும் வேலை செய்தது. சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. உற்சவத்துக்கு முன்னால் வாகனத்தில் ஆப்பு இறுக்குவார்களே, அதே சத்தம். பயத்தை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கூட்டாளி மட்டும் நேராகக் கால்மாட்டுக்குப் போனான். போர்வையை விலக்கி, இரண்டு குதிகாலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னாண்ணா பண்றீங்க? மனுசன் உசுரோட கீறாரான்னு பாக்காம கால அளந்துக்கினு" என்று அம்மா கடிந்துகொண்டாள்.

"உசுரு இருக்குதும்மா, கண்ண முழிச்சிக்கினுதான கீறான். எனக்கு இதான் தெரியணும்" என்றான். ஆனால் வீக்கத்தில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. போர்வையை மூடிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கே என்னை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள், உடைந்த காலை ஊன்றுவதா என்று என்னைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னபடிதான் நடக்கும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. படத்தில் எலும்பு வெள்ளையாகக் கூடிவருவதைப் பார்த்தோம். வைகாசி கருட சேவையை அந்த வருஷம் தெருவோரம் நின்று சேவித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, பக்திதான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இனி பாரம் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு சாதாரணப் புறப்பாட்டுக்குப் போனேன். தோளுக்கினியான் என்கிற சின்னப் பல்லக்குதான், கருட வாகனத்தின் பாரம் இருக்காது. என்னைப் பார்த்ததும் கூட்டாளி மடியிலிருந்து ஒரு சும்மாட்டை எடுத்தான். தோளில் வைக்கிற துணித் திண்டு. வழக்கத்தைவிடத் தடிமனாக, பழைய சேலையை மடித்து மடித்துத் தைத்திருந்தான். கால் குட்டையாகியிருந்தால் இதை வைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று, நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தைத்துவிட்டானாம்.

"உன்ன உட்டுட்டு வேற எவன் கூடவோ நிக்கச் சொல்றியா?" என்றான்.

அதைத் தோளில் வைத்துத் தண்டின் கீழ் நின்றேன். எல்லாரும் சேர்ந்து தூக்கினோம். தண்டு என் பக்கம் மேலே ஏறிக்கொண்டது. முன்னால் அவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"எறக்கு, எறக்கு" என்றான். இறக்கினோம். அவன் திரும்பி என் சும்மாட்டைப் பிடுங்கினான். தன் பழைய துண்டை நாலாக மடித்து என் தோளில் போட்டான்.

மறுபடி தூக்கினோம். தண்டு இரண்டு தோளிலும் ஒன்றாக உட்கார்ந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நடபா" என்றான், அவ்வளவுதான்.

அந்தத் தடித்த சும்மாடு பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை. கேரம் ஆடும்போது ஒரு திண்டின் மேல் யார் உட்காருவது என்று நீங்கள் சண்டை போடுகிறீர்களே, அதுதான்.